கறிவேப்பிலைக் கொழுந்து

நாற்பது வருடம் தோட்டத்து ஃபெக்டரியில் தேயிலையை முகர்ந்தே சம்பளம் வாங்கிய மூக்கு என்னுடையது. தெரணியகலையில் நின்றுகொண்டே, மலை தாண்டி இருக்கிற குருவிட்டயில் எந்த வீட்டில் கருவாடு பொரிகிறது என்று சொல்லிவிடுவேன். நம்பாதவர்கள் குருவிட்டக்குப் போய் விசாரித்துக்கொள்ளலாம். அப்பேர்ப்பட்ட மூக்கை, ஓய்வு பெற்ற மறுவருடம், 2003 தை மாதத்தில் ஒரு நாள், கறிவேப்பிலை வாசம் கொக்கி போட்டு இழுத்தது. ஒரு கிளை, இரண்டு கிளை வாசமில்லை. இலங்கை முழுவதற்கும் ஒரே சட்டியில் சமைக்கப் போகிறார்களோ என்று நினைக்கவைத்த வாசம். போய்ப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்குமா?

எட்டாம் நம்பர் மலையிலிருந்து வந்தது. தேயிலை செத்துப்போய், தோட்டம் கைவிட்ட மலை. அங்கே இடுப்புயரக் கறிவேப்பிலைச் செடிகளுக்கு நடுவே, தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடையோடு பதினொரு பெண்கள் நிரை பிடித்து நின்றார்கள்.

மலையைத் தோட்டத்துத் தொரையிடம் கேட்டு வாங்கியவள் விஜயகலா. குவைத்தில் ஆறு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவள். தோட்ட வேலையில் இப்போது பேரில்லாத பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்திருந்தாள். மருந்து அடிப்பதில்லை, மாட்டெருதான். மருந்தடிக்காத இலையை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கொழும்புக் கம்பெனிக்காக, தெரணியகலைக் கடைவீதி அப்துல் ரஸாக் முதலாளி வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

"மாசக் கடைசி வரைக்கும்தான் தொரை தவண குடுத்திருக்காருங்க ஐயா," என்றாள். "அதுக்குள்ள ஒரு லோட கம்பெனி எடுத்துட்டா, மலை அஞ்சு வருசத்துக்கு எங்களுக்கு. எடுக்கலேன்னா ரப்பர் நட்டுருவாரு."

"நட்டா?"

"நான் மறுபடி குவைத்துதான். ஏஜென்ட் ரெண்டு தரம் வந்துட்டான். என் மகளுக்கு இப்பதாங்க என் மொகம் பழகியிருக்கு."

அன்று பின்னேரமே ரஸாக் முதலாளியின் லொறி வந்தது. முதல் சாக்கை அவிழ்த்தவர், உள்ளே பாம்பைப் பார்த்தவர் போல நின்றார்.

"தங்கச்சி, நான் கேட்டது கறிவேப்பில. நீங்க அதுல கொழுந்து எடுத்து ஈக்கிறீங்களே."

எட்டிப் பார்த்தேன். அத்தனையும் இளம் நுனி. தேயிலையில் கிள்ளுவது போலவே குருத்தோடு கிள்ளி, சாக்குக்குள்ளேயே வாடிக் கிடந்தது.

"கம்பெனிக்கு முத்தின இல வேணும், ஈர்க்கோட, நீட்டமா. இத கொண்டுபோனா லொறியோட சேத்து என்னையும் திருப்பி அனுப்புவாங்க."

"தேயிலைல முத்தலு கெடந்தா எங்களுக்கு அரைநாள் பேர வெட்டி சம்பளத்தக் கொறச்சிருவாங்க மொதலாளி," என்றாள் மருதாயி. முப்பத்தெட்டு வருடம் தேயிலைக் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவள். "எனக்கு மறந்தாலும் கைக்கு மறக்காது."

"அப்ப கைக்கிட்ட சொல்லி வைங்க. வெள்ளிக்கிழம வாறேன். அதுக்குப் பொறகு எனக்கும் ஏலாது."

மறுநாள் நான் ஒரு பாறையில் உட்கார்ந்து பார்த்தேன். மருதாயியின் கை முத்தின இலைப் பக்கம் போகும். பாதி வழியில் யோசிக்கும். பிறகு விறுவிறுவென்று நுனிக்கு ஏறிக் கிள்ளி, தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிந்துவிடும்.

"மருதாயிக்கா, கீழ, கீழ."

"கீழதான் போறேன் புள்ள. அது மேல போகுது."

சொன்ன விஜயகலாவின் கையும் அதே நேரம் நுனியில்தான் இருந்தது. ஆறு வருடம் பாலைவனத்தில் இருந்துவிட்டு வந்த கை. இது ஏன் இப்படி? கொழுந்தை ஞாபகம் வைத்திருப்பது விரலா, தலையா, எது என்று எனக்கு ஒரே குடைச்சல். புதன்கிழமையும் அதே கூத்து.

அன்று மாலை, பிளேன்டீ கேட்கும் சாக்கில் மருதாயி வீட்டுக்குப் போனேன். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நின்ற செடிக்குப் போனவள், கரும்பச்சையாய், முழ நீளத்தில், முத்தின ஈர்க்கு இரண்டை ஒடித்துக்கொண்டு வந்தாள்.

"மருதாயி, இது மட்டும் எப்படி முத்தலா வந்திச்சு?"

"கொழுந்தப் போட்டா பருப்பு மணக்குமா? டீமேக்கர் ஐயாவுக்கு வீட்டுல சமைக்கிறது யாருங்க?"

விஜயகலா வீட்டுக்கு நான் ஓடிய ஓட்டத்தில் லயத்துக் கோழிகள் மூன்று நாள் முட்டையிடவில்லை. விஷயத்தைக் கேட்டவள் மூலையில் கிடந்த தன் கூடையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா வீட்டுல தலைல கூடைய மாட்டலையேங்க," என்றாள்.

வியாழக்கிழமை கூடைகளை ஓரமாக அடுக்கவைத்து, சேலை மடியைக் கட்டிக்கொண்டு இறங்கச் சொன்னாள். சமையலுக்கு ஒடிப்பது போல ஒடித்தார்கள். முத்தின இலையெல்லாம் செடியில் அப்படியே இருந்ததால் மடி மடியாக வந்தது. ஒரு கையாவது நுனிக்கு ஏறவேண்டுமே. கூடைகளுக்குக் காவல் இருந்த நான், ஆசைக்கு ஒன்றை என் தலையில் மாட்டிப் பார்த்தேன். வாழ்நாளில் ஒரு கொழுந்து எடுத்திராத என் கையே நுனிக்குக் கிளம்பிவிட்டது. சத்தியம்.

வெள்ளிக்கிழமை ரஸாக் முதலாளி ஒரு ஈர்க்கை வளைத்தார், முகர்ந்தார், ஓர் இலையை மென்றும் பார்த்தார். விஜயகலா அதற்குள் இரண்டாவது சாக்கையும் அவிழ்த்துவிட்டாள்.

"ஏத்துங்க," என்றார். "கம்பெனி என்ன சொல்லுதோ, பாப்பம்."

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது: இதே இலை, வாரா வாரம். அந்த வாரமே தொரை ஐந்து வருடக் கடிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் லோடு ஒடித்துக்கொண்டிருந்தபோது ஏஜென்ட் த்ரீவீலரில் வந்து இறங்கினான்.

"விசா சரி தங்கச்சி. அடுத்த கெழம பிளேன் ஏறணும்."

விஜயகலா ஒடிப்பதை நிறுத்தவில்லை. "அந்தக் குவைத்து வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லுங்கண்ணே, கறிவேப்பில வேணும்னா கம்பெனிக்கு எழுதச் சொல்லி. நாங்க இங்கயிருந்து அனுப்புறோம். நான் வரல."

அவன் அவளைப் பார்த்தான், மலையைப் பார்த்தான். பிறகு தன் வீட்டுக்கு ஒரு பிடி கிடைக்குமா என்று கேட்டான். பதினொரு பேரும் சிரித்த சிரிப்பில் எஹெலியகொடையில் ஓடிக்கொண்டிருந்த பஸ் ஒன்று நின்றுவிட்டதாகக் கேள்வி.