ஸ்டாப்பிங் விஜி

கம்பம் ஜீப் ஸ்டாண்டில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்தால் விழுந்ததுதான். ரேஷன் கார்டில் ஏறாதது ஒன்றுதான் குறை. விஜிக்கு அது போன ஐப்பசியில் விழுந்தது.

ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகும் பெண்களை விடியற்காலையில் மலைக்கு ஏற்றிப் போவதும், சாயங்காலம் இறக்கிக் கொண்டு வருவதும் விஜியின் வேலை. ஒன்பது வருடமாக ஓட்டுகிறாள். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அன்றைக்குத் தூறலில் கம்பம்மெட்டு இறங்கி வரும்போது, கீழேயிருந்து ஒரு சிமெண்ட் லாரி முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. மலைப் பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. விஜி வளைவுக்கு முன்னாலேயே ஓரம் கட்டி, கையை வெளியே நீட்டி லாரியை வரச் சொன்னாள். லாரி மேலே வந்து சேர ஆறு நிமிடம் ஆனது. பின்னால் பதினான்கு வண்டிகள் தேங்கிவிட்டன.

நியாயமாகப் பார்த்தால் அவளைப் பாராட்டியிருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் ஹாரன் அடிப்பவனுக்கு நியாயமாவது ஒன்றாவது! அவளுக்கு நேர் பின்னால் நின்றது விஜய்ராஜின் ஜீப். இருபத்தெட்டு வயது, காதில் எப்போதும் ஒரு ஹெட்போன், வாயில் எப்போதும் ஒரு நக்கல். போனை எடுத்து வீடியோ பிடித்தான். "மக்களே, நல்லாப் பாத்துக்கங்க. இது பஸ் ஸ்டாப்பிங் இல்ல, நம்ம விஜியக்கா வண்டி" என்று பின்பாட்டும் பாடி ஸ்டாண்டு வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான்.

மறுநாள் காலை டீக்கடையில் அவள் கிளாஸை வாங்கும் முன்பே, "ஸ்டாப்பிங் விஜிக்கு ஒரு டீ" என்று குரல் வந்தது. அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. பத்து நிமிடம் முன்னால் வீடு போய்ச் சேரலாம் என்று மூன்று பெண்கள் விஜய்ராஜ் வண்டிக்கு மாறிப் போனார்கள். விஜிக்கு அது வலித்தது. அதைவிடப் பெரிய வலி ஒன்று இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வளைவில் பிரேக்கின் மேல் கால் போகும்போதெல்லாம் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்பது போல இருந்தது. கால் ஒரு நொடி தயங்கியது. என்றைக்காவது ஒரு நாள், சிரிப்புக்குப் பயந்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போய்விடுவோமோ என்பதுதான் அந்த வலி.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வண்டிப் பெண்கள் பதினொரு பேரும் அவளை இழுத்துக்கொண்டு தேனிக்குக் கிளம்பினார்கள். எல்லாம் மாரீஸ்வரியின் ஏற்பாடு. ஐம்பது வயது, ஜீப்பின் பின்கதவோரம்தான் அவளுடைய நிரந்தர இடம், அங்கிருந்தே ஊரை ஆளுகிறவள்.

"வருசம் பூரா மலையையே பாத்துக்கிட்டுக் கெடக்கோம். ஒரு நாளு நாமளும் சிரிச்சு வெளாண்டுட்டு வருவோம், வாங்கடி!"

பிரியாணி ஆனது, வளையல் வாங்கியாயிற்று. கூட்டத்தில் இளையவளான திரிஷாதான் அந்தப் பேக்கரி மாடியைக் காட்டினாள். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, வண்ண விளக்கு. கேம் சென்டர். நடுவில் கார் சீட் போலவே இரண்டு சீட்டுகள், ஸ்டியரிங், பெடல்கள், கையில் பிடிக்கும் கியர், எதிரே ஆளுயரத் திரை. திரையில் ஏதோ வெளிநாட்டு மலை, பனி மூடிக் கிடந்தது. ஆனால் பாதை மட்டும் கம்பம்மெட்டை யாரோ களவாண்டு கொண்டுபோய் அங்கே வைத்தது போல வளைந்து வளைந்து இறங்கியது.

அந்த இரண்டு சீட்டில் ஒன்றில் உட்கார்ந்திருந்தவன் விஜய்ராஜ். சுற்றி நாலு சிநேகிதர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவனுக்கு இதுதான் கோயில் போலிருக்கிறது.

"ஏலே, ஸ்டாப்பிங் வந்திருச்சுடா! எல்லாரும் எறங்கிக்கங்க!" என்றான்.

விஜி திரும்பிப் போயிருப்பாள். மாரீஸ்வரி விடவில்லை. "என்னாங்குற நீ? அந்தச் சீட்டுல உக்காந்தா எங்க விஜி ஒன்னைய ஓட ஓட வெரட்டுவா" என்றாள். அந்தச் சீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று மாரீஸ்வரிக்கு அப்போது தெரியாது. அதனாலென்ன, வாய் கொடுத்தாகிவிட்டது.

கடைக்காரர் கலீல் ரஹ்மான் சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையைக் காட்டினார். அதில் ஒரே ஒரு பெயர்: விஜய்ராஜ், ஐந்து நிமிடம் ஆறு வினாடி.

"இந்தக் கடைல ஒரு வழக்கம் இருக்கு தங்கச்சி. இந்த நேரத்தை யாரு முறியடிக்கிறாகளோ, அவுக பேரை எழுதணும். யாரு எழுதணும்? பேரைப் பறிகொடுத்தவன்தான் தன் கையால எழுதணும். நாலு மாசமாப் பலகை அப்படியேதான் கெடக்கு."

முதல் ஆட்டத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இடமில்லை என்று பெண்களை வெளியே நிறுத்திக் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டார்கள். விஜியின் காதில் ஹெட்போனை மாட்டினார்கள், அதில் டமால் டுமீல் என்று ஒரு பாட்டு. கியரை மெஷினே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். பக்கத்துச் சீட்டில் விஜய்ராஜ் பறக்க, அவள் தன் போக்கில் இறங்கினாள். நான்காவது வளைவில் கீழேயிருந்து ஒரு லாரி ஏறி வந்தது. விஜி என்ன செய்திருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? ஓரம் கட்டினாள். நிறுத்தினாள். நிறுத்தியதோடு விட்டாளா, வலது கையை ஏசிக் காற்றில் நீட்டி, 'வா வா' என்று அந்தத் திரை லாரிக்குச் சைகை காட்டினாள்.

விஜய்ராஜின் சிநேகிதன் ஒருவன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். இன்னொருவன் போனை எடுத்துவிட்டான். அவள் முடித்தபோது ஆறு நிமிடம் நாற்பது வினாடி ஆகியிருந்தது. ஹெட்போனைக் கழற்றினால் காதெல்லாம் ஸ்டாப்பிங், ஸ்டாப்பிங். விஜிக்குக் கண் கரித்தது. அழுதால் அதையும் படம் பிடிப்பார்கள் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு திரிஷா உள்ளே வந்தாள்.

"யக்கா, நான் கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டே இருந்தேன். இவன் ரெண்டு தடவ லாரில போயி முட்டுனான். முட்டுனா வண்டி குப்புறக் கவுந்து, திரும்ப நிமிர எட்டு செகண்டு ஆகுது. நம்ம மலைல முட்டுனா உசுரு போயிரும், இங்கன எட்டு செகண்டுதான் போகுதுன்னு இவன் பாட்டுக்கு மிதிக்கிறான்."

"முட்டியுமே நான்தான்டி ஜெயிச்சேன்" என்றான் விஜய்ராஜ்.

விஜி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விஜய்ராஜின் ஆட்டத்தை மெஷின் மறுபடி ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. லாரி ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் வந்தது, மனப்பாடம் பண்ண வழியில்லை. ஆனால் திரையின் கீழ் மூலையில், பள்ளத்துப் பக்கம், அடுத்த இரண்டு வளைவுகளும் சின்னதாகத் தெரிந்தன. அங்கே எறும்பு போல ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. விஜய்ராஜ் அந்தப் பக்கம் கண்ணையே திருப்பவில்லை. அவனைச் சொல்லியும் குற்றமில்லை, இறங்குகிறவனுக்குப் பாதையை விட்டுக் கண்ணெடுக்க நேரமேது.

விஜிக்கு அப்போதுதான் உறைத்தது. மலையில் மட்டும் அவள் எப்போது கீழே பார்த்தாள்? ஒன்பது வருடமாக அவளுக்குப் பள்ளத்தைப் பார்த்துச் சொன்னது பின்கதவோரம் உட்கார்ந்திருக்கும் மாரீஸ்வரி அல்லவா!

"பாய், பாட்டை நிப்பாட்டுங்க. இஞ்சின் சத்தம் மட்டும் போதும். கியரை என் கைல குடுத்துருங்க. அப்புறம், என் வண்டி ஆளுகளை உள்ள விடுங்க."

"பதினோரு பேரா? கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு ஓட்டுறது அழுகுணி ஆட்டம் பாய்" என்று விஜய்ராஜ் குதித்தான்.

"ஒன் பக்கமும்தான் நாலு பேரு நிக்கிறாக. அவுகளும் சொல்லட்டுமே, யாரு வேண்டாம்னா?" என்றார் கலீல் ரஹ்மான். நாலு மாதமாக ஒரே பெயரைப் பார்த்து அவருக்கும் அலுத்திருக்க வேண்டும்.

பெண்கள் உள்ளே வந்து விஜியின் சீட்டுக்குப் பின்னால் ஜீப்பில் அடைகிற மாதிரியே அடைந்துகொண்டார்கள். விஜி கைகாட்ட, மாரீஸ்வரி திரையில் பள்ளம் தெரிகிற பக்கம் போய் நின்றாள். அந்த இரண்டாவது ஆட்டத்தில் விஜி ஜெயிக்கவில்லை, ஆனால் கியர் கைக்குப் பழகியது. ஐந்து நிமிடம் இருபத்தைந்து. விஜய்ராஜ் சிரிப்பதை நிறுத்தியிருந்தான். சிநேகிதர்களும் போனைப் பைக்குள் வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது ஆட்டம் தொடங்கியது.

விஜய்ராஜ் எடுத்த எடுப்பில் பறந்தான். "மிதி, மிதி!" என்று அவன் ஆட்கள் கத்தினார்கள். அவர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். விஜி வளைவுக்கு முன்னாலேயே இரண்டாம் கியருக்கு இறக்கி, இஞ்சினை உறும விட்டு, பிரேக்கைத் தொடாமல் வண்டியைச் சுற்றி எடுத்தாள். வண்டி திரும்பும் பக்கமெல்லாம் பதினொரு பெண்களும் சேர்ந்து சாய்ந்தார்கள். கலீல் ரஹ்மான் தன்னை அறியாமல் தானும் சாய்ந்தார்.

"கீழ ஒருத்தன் ஏறுறான் விஜி! ரெண்டு வளைவு தள்ளி!" என்றாள் மாரீஸ்வரி.

விஜி அடுத்த வளைவிலேயே வேகத்தை அளவாகக் குறைத்தாள். பாதை அகலமான இடத்தில் லாரியைச் சந்திக்கும்படி இறங்கினாள். ஓரம் ஒதுங்கினாள், லாரி உரசாமல் போனது, வண்டி நிற்கவே இல்லை. முன்னால் போன விஜய்ராஜ் அதே லாரியை வளைவின் குறுகலில் சந்தித்திருந்தான். அவன் வண்டி குப்புறக் கிடந்தது. அவனை ஒதுக்கிக்கொண்டு விஜி முன்னே போனாள்.

அவன் நிமிர்ந்து, வெறி பிடித்தவன் போல விரட்டி வந்து, கடைசி வளைவுக்கு மேலே அவளைத் தாண்டியும் விட்டான். மாரீஸ்வரி கண்ணைத் திரையின் கீழ் மூலையை விட்டு எடுக்கவில்லை.

"ஆத்தாடி, பெரிய வண்டி விஜி! இப்பவே ஒதுங்கு!"

ஒன்பது வருடத்தில் மாரீஸ்வரியின் அந்தக் குரலை விஜி ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லை. கால் பிரேக்குக்குப் போனது. இந்த முறை அது தயங்கவில்லை. பின்னால் எந்தச் சிரிப்பும் கேட்கவில்லை. ஒரு மிதி, கியர் இறங்கியது, வண்டி ஓரம் ஒதுங்கியது. விஜய்ராஜ் உள்வளைவைப் பிடித்துப் பாய்ந்தான், லாரியின் மூக்கில் போய் விழுந்தான். ஏறுகிற லாரிக்கு வழி விட்டுக்கொண்டே விஜி இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, வலது கையைக் காற்றில் நீட்டி, 'போய்ட்டு வாங்கண்ணே' என்று சைகை காட்டினாள். வண்டி மட்டும் நிற்காமல் கோட்டைத் தாண்டியது.

நாலு நிமிடம் ஐம்பத்தெட்டு வினாடி.

கீழே பேக்கரியில் பப்ஸ் தின்றுகொண்டிருந்தவர்கள் மாடியில் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். மாரீஸ்வரி போட்ட குலவை அப்படி. திரிஷா விஜியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். விஜிக்கு இப்போது அழுகை வந்தது, அவள் அடக்கவில்லை. யார் வேண்டுமானாலும் படம் பிடித்துக்கொள்ளட்டும்.

கலீல் ரஹ்மான் பழைய பெயரை அழித்து மார்க்கரை நீட்டியதும் விஜய்ராஜ் எழுந்து வந்தான். மோசமானவன் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். பலகையில் 'விஜி' என்று எழுதிவிட்டு, "மன்னிச்சுருக்கா. இனிமே அந்தப் பேரைச் சொல்ல மாட்டேன். குரூப்புலயும் சொல்லிர்றேன்" என்றான்.

விஜி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பலகையை ஒரு தரம் பார்த்தாள்.

"அதென்ன பாதிப் பேரு? கம்பத்துல எத்தன விஜி இருக்காக, எந்த விஜின்னு தெரியும்? முன்னாடி இருக்குறதையும் சேத்து எழுதுடா."

அவன் புரியாமல் திரும்பினான்.

"அந்த லாரிக்கு நான் ஒதுங்குனதாலதான ஜெயிச்சேன்? எழுது. ஸ்டாப்பிங் விஜி."

அவன் எழுதினான். இடம் போதாமல் எழுத்து கொஞ்சம் சாய்ந்துதான் போனது.

மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம், மலை இறங்கும்போது, விறகு ஏற்றிய லாரி ஒன்று கீழேயிருந்து ஏறியது. மாரீஸ்வரி குரல் கொடுத்தாள். விஜி வளைவுக்கு முன்னாலேயே ஓரம் கட்டி நிறுத்தி, கையை வெளியே நீட்டினாள். பின்னால் வந்த கேரளா கார் ஒன்று பொறுமையில்லாமல் ஹாரனை அழுத்தியது. மறுபடியும் அழுத்தியது.

ஜீப்பின் பின்கதவு வழியாகப் பதினொரு தலைகள் ஒன்றாக வெளியே நீண்டன.

"நில்லுங்க சேட்டா!" என்று மாரீஸ்வரி மலையே கேட்கும்படி கத்தினாள். "இது ஸ்டாப்பிங் விஜி வண்டி!"