ரதி அழுத பெயர்கள்

மரவள்ளிப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டே சன்னாசி பெண்குரலில் பாடிப் பார்த்தான். ஜப்பான்காரன் வந்தபின் ரப்பர் எஸ்டேட்டில் பால்வெட்டு நின்றுபோய், கிழங்குதான் வேலை. மாசி மாதக் காமன் கூத்தில், சிவன் எரித்த காமனுக்காக அழுகிற ரதி வேஷம் அவனுக்கு. கட்டத்தான் சேலை இல்லை. லயத்து வீடுகளில் பாதிப் பேர் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்துப் பாத்தியிலிருந்த பஞ்சாலை தன் கூறைச் சேலையைத் தருவதாகச் சொன்னாள். அவள் புருஷன் நல்லசாமியைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். தப்பி வந்த ஒருவன், நல்லசாமி வாந்திபேதியில் கிடந்ததைப் பார்த்ததாகச் சொன்னான். அதற்குமேல் அவனுக்குத் தெரியவில்லை. போனவர்கள் திரும்பும்வரை என்று சொல்லி அவர்கள் பங்கு அரிசியும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பஞ்சாலை கண் கலங்கினால் போதும், உயிரோடு இருக்கிறவனுக்கு அழக் கூடாது என்று பெண்கள் அடக்கிவிடுவார்கள்.

“ரதி அழறப்ப அவரு பேரையும் சேத்துப் பாடிடுங்கண்ணே.”

“பேரச் சொல்லி அழுதா செத்தவன்னு ஆயிடும்மா.”

“கூத்துலதானே லா. யாரு கேக்கப் போறா?”

விஷயம் பரவியது. சயாமுக்குப் புருஷன் போயிருந்த வள்ளிநாயகி, ரதி வேஷத்துக்குத் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தாள். புருஷன் பெயரைத் தன் வாயால் சொல்லக் கூடாதென்று மகளை விட்டுச் சொல்ல வைத்தாள். இன்னும் சிலர் வந்தார்கள்.

இரவில் விளக்கெரிக்கத் தடை. கூத்து பட்டப்பகலில் நடந்தது. லாலான் புல்லில் கட்டிய காமன் எரிந்ததும் சன்னாசி தரையில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டான். மீசை மழித்த இடம் வியர்வையில் மினுங்கியது. யாரோ சிரித்தார்கள். முதலில் காமனைக் கூப்பிட்டான். பிறகு நல்லசாமியைக் கூப்பிட்டான். பஞ்சாலையிடமிருந்து வந்த சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. யாரும் அடக்கவில்லை. அடுத்தடுத்த பெயர்களுக்கு ஒவ்வொரு மூலையில் ஒருத்தி குலுங்கினாள். முடிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டுக் கிழங்கு அவிக்கப் போனார்கள். வெகுநாளைக்குப் பிறகு பஞ்சாலைக்குப் பசித்தது.

எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி தங்கராஜு பெஞ்சில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார்.

அரிசி போடுகிற நாளில் அவர் பஞ்சாலைக்கு ஒரு பங்குதான் அளந்தார்.

“அவரு பங்கு, ஐயா?”

“செத்தவனுக்கு ஏதும்மா அரிசி?”

“செத்துட்டாருன்னு யாரு சொன்னா?”

“நீதானே ஊரு கேக்க அழுத.”

“அது காமனுக்கு அழுததுங்க.”

கிராணி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பின்னால் நின்ற வள்ளிநாயகி நெற்றியில் பொட்டு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு சிரித்த முகத்தோடு டின்னை நீட்டினாள்.