கால்மாட்டில் இருந்தவன்

பிரெசில்லா செத்துப்போன அப்பாவின் தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த தம்பி சகாயவினோத், “இல்லக்கா, நாடி எழுபத்திரண்டு காட்டுது,” என்றான்.

அவள் முடிச்சை இறுக்கினாள்.

“அந்தப் பெட்டிக்குள்ள உசுரோட இருக்காரு. இங்கன செத்துட்டாரு. எந்த அப்பாவ அடக்கம் பண்ணணும்னு நீயே சொல்லு.”

பெங்களூரிலிருந்து அவன் வந்த நாளிலிருந்தே அவளுக்கு எரிச்சல்தான். முன்பெல்லாம் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் கடிகாரம், காலண்டர் என்று குட்டிக் குட்டியாகக் கிடக்குமே, அந்த விட்ஜெட்டுகளை பிரவுசருக்குள்ளேயே ஓட வைத்திருப்பதாக, நோயாளியைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தான். மருந்து நேரத்துக்கு ஒரு பெட்டி, அப்பாவின் விரலில் மாட்டிய கிளிப்பிலிருந்து நாடிக்கு ஒரு பெட்டி. அப்பா தண்ணீர் கேட்டு முனகினால், “அக்கா, தண்ணி” என்று குரல் கொடுப்பான். பீத்துணி மாற்றும்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான். பெரிய படிப்புப் படித்த மகன்.

காலையில் நெட் போயிருந்தது. கடைசியாக வந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெட்டி அப்படியே நின்றுவிட்டது. அப்பாவின் மூச்சு நின்றதை, அவர் தலையை மடியில் வைத்திருந்த பிரெசில்லாதான் பார்த்தாள். அதற்குச் சற்று முன்னால் அப்பா சவேரியார் கண்ணைத் திறந்து, “வினோத்து எங்கன?” என்று கேட்டார். குரல் எழும்பவில்லை. கால்மாட்டில் இருந்தவன் நிமிரவும் இல்லை.

மதியம் துக்கத்துக்கு வந்த மாமாவிடம் அவன் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது.

“விட்ஜெட்டுல தப்பில்ல மாமா. நெட்டுதான் போயிருச்சு.”

செத்தது அப்பாவா, நெட்டா என்று கேட்க அவளுக்கு வாய் வரை வந்தது. பந்தலில் ஆட்கள் இருந்ததால் விழுங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் தங்கச்சிமடம் கல்லறைத் தோட்டத்தில், சாமியார் ஜெபம் முடித்ததும் முதல் பிடி மண் போட மகனை அழைத்தார்கள். சகாயவினோத் குனிந்து அள்ளினான். குழிக்கு மேல் கையை நீட்டியபடியே நின்றான். போடவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். பிரெசில்லா அவன் பக்கத்தில் போனாள்.

“அக்கா,” என்றான், குழியைப் பார்த்தபடி. “கடைசியில என்னய ஏதும் கேட்டாரா?”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

“ஒன்னும் கேக்கல. போடு.”

அவன் விரல்கள் விரிந்தன. கொஞ்சம்தான் விழுந்தது. மீதி மணல் வியர்த்த உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.