குதித்த அலையும் உட்கார்ந்திருந்த விக்கியும்

1

இந்தக் கதை என் தலைவலியில் பிறந்தது. மூளை அலையைப் பதிவுசெய்து பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். எர்ணாகுளத்து மருத்துவமனை பெஞ்சில் என் முறைக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் ஒரு பெண் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"எண்ணெய் தேச்சுண்டு வரப்படாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஒயர் எப்படி ஒட்டும்?" என்றார் ஆராய்ச்சியாளர் சுபாஷிணி, பாலக்காட்டுத் தமிழில்.

"நல்ல காரியத்துக்கு வெறுந்தலையோடவா கூட்டியாருவாங்க?" என்றாள் கற்பகம்.

அவள் கணவன் விக்கி, நெற்றியில் எண்ணெய் வழியச் சிரித்துக்கொண்டு நின்றான். பிறகு குழாயடியில் அவன் குனிய, அவள் ஷாம்பு போட்டுத் தேய்த்துவிட்டாள். [இங்கே அன்பைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். தலையைத் தேய்த்தாள், போதும்.]

2

முதல் தொடக்கம்: "போதை ஒரு கடல், விக்கி அதில் ஒரு..." சே!

இரண்டாவது தொடக்கம்: மட்டாஞ்சேரி பஜாரில் அரிசி மண்டி தங்கதுரையின் சரக்கு ஆட்டோவை ஓட்டியவன் விக்கி. போதைப்பொடி இழுக்கப் பழகியதும் சாவி பறிபோனது. ஓணத்தோடு பொடியை விட்டான். ஏழெட்டு மாதம் ஓடி, இப்போது சித்திரை விஷுவும் கழிந்துவிட்டது. ஆனாலும் அவனை நம்பி வண்டி கொடுக்க பஜாரில் ஆளில்லை. போதையை விட்டவர்களின் மூளை அலைகளை ஆராய்கிறார்கள் என்று கேள்விப்பட்ட தங்கதுரை, "உன் தலை சரியாயிடுச்சுன்னு மெஷின் சொல்லட்டும், சாவி தாரேன்" என்றிருக்கிறார்.

(அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: மெஷின் அப்படியெல்லாம் சொல்லாது. "பலபேரோட அலையைச் சேர்த்துப் பார்க்கற ஆராய்ச்சி இது. தனியா ஒருத்தருக்கு சர்டிபிகேட் தர முடியாது" என்று சுபாஷிணி கணவன் மனைவி இருவரிடமும் சொன்னார். யார் காதில் விழுந்தது?)

3

உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் படகில் விக்கி சொன்னதுதான். தலை நிறைய ஒயர். திரையில் ஒரு பூ, ஒரு நாற்காலி, ஒரு பஸ். அடுத்த படம் பொடியும் சுருட்டிய தாளும். பழைய ஆசையில் அலை எழும்பிக் குதித்தது.

என் முதல் பிரதியில் அலை அசையவே இல்லை, எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாம் பிரதியில் விக்கி அன்று மாலையே மறுபடியும்... வேண்டாம். சோகமாக முடித்தால்தான் இலக்கியம் என்று நாலு பேர் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

கற்பகத்தின் முகம் வாடிவிட்டது. "அடங்கிருச்சுன்னு மொதலாளிகிட்டச் சொல்லிருங்க. அவருக்கு என்ன தெரியப்போகுது?"

நானும் தலையாட்டினேன். பின்னால் எழுதிய என் முதல் பிரதியும் அதே பொய்யைத்தானே சொன்னது! விக்கி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

4

கதை கிடைக்கும் என்ற பேராசையில் நானும் அரிசி மண்டி வரை போனேன்.

"மெஷின் என்னடா சொல்லிச்சு?" என்றார் தங்கதுரை.

கற்பகம் அவன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

"குதிச்சது மொதலாளி. அந்தப் படத்தைக் கண்டதும் தலைக்குள்ள குதிச்சது. விட்டு மாசக்கணக்கானவங்களுக்கும் குதிக்குமாம், ஆராய்ச்சி பண்ற சேச்சி சொன்னாங்க. இனியும் குதிக்கும்."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

"அது குதிச்சப்போ நான் ஆடாம அசங்காம உக்காந்திருந்தேன். ஓணத்துலேருந்து தினமும் அப்படித்தான் உக்காந்திருக்கேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கற்பகம் சட்டையை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். எனக்கு அரிசி மூட்டைமேல் ஏறிக் கூவ வேண்டும் போலிருந்தது. ஜெயித்துவிட்டான் பயல்! அலையை அடக்கி ஜெயிக்கவைக்க நான் ராப்பகலாய்ப் பாடுபட்டேன்; அவன் அதைக் குதிக்கவிட்டே ஜெயித்தான்.

5

தங்கதுரை ஏதோ சொன்னார். அதை எழுதமாட்டேன். எழுதினால் விக்கியின் வெற்றி அவர் வாயிலிருந்து வந்ததாகிவிடும்.

கதையில் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டேன். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். சாவி உங்கள் முன்னால் இருக்கிறது. பொய் சொல்லித் தப்பியிருக்கக்கூடிய ஒருவன் நிஜத்தைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து நிற்கிறான்.

நிதானமாக யோசியுங்கள். காத்திருக்க அவனுக்குத் தெரியும்.