நங்கூர மிஷின்

புனிதன் பாய்மரப் படகின் மூக்குக்குள் மல்லாந்து கிடந்தான். சங்கிலியைக் குவித்து வைக்கும் அந்தப் பொந்தில் ஓர் ஆள் முடங்கிக் கிடக்க மட்டுமே இடமிருந்தது. பேட்டரியிலிருந்து அதுவரை கட்டைவிரல் தடிமனில் கேபிள் இழுத்தாயிற்று. மிச்சம் இருந்தவை இரண்டு சின்ன ஒயர்கள். ஒன்று நங்கூரத்தை ஏற்றும் பொத்தானுக்கு, இன்னொன்று இறக்கும் பொத்தானுக்கு. கையை மேலே நீட்டி இரண்டையும் மாட்டி முடுக்கினான். தோள் கடுத்தது. வேலை முடிந்தது என்று நினைத்துப் பார்த்தான். அந்த நினைப்பு எங்கேயும் போய்த் தொடவில்லை.

மனைவி துளசி போனதிலிருந்தே இப்படித்தான். டெங்கிக் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கல்யாண ஆல்பம்கூட அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்தது. புனிதன் ரவாங் தொழிற்சாலையில் பார்த்த மின்பிரிவு வேலையை விட்டுவிட்டு, அசாம் ஜாவாவில் அம்மா புஷ்பவள்ளி வீட்டுக்கே வந்துவிட்டான். கிடைத்த ஒயரிங் வேலைகளைச் செய்தான். எப்படி இருக்கிறாய் என்று யாராவது கேட்டால் "ஓகே லா" என்றான். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

வந்த புதிதில் ஒரு புதுவீட்டுக்கு ஒயரிங் செய்து முடித்தபோது, வீட்டுக்கார அம்மா லீலாவதி அவனைத் தனியாக அழைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. உங்களுக்கு இன்னும் வருஷம் திரும்பல இல்ல? மொத மொத லைட்ட நாங்களே போட்டுக்கிறோம்."

அவன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையில் அது சௌகரியமாகவே இருந்தது. விளக்கு எரிந்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள், கேசரி கொடுப்பார்கள், அவனும் பல்லைக் காட்ட வேண்டும். அதெல்லாம் மிச்சம். அதன்பிறகு எந்த வீட்டிலும் கடைசித் திருகை முடுக்கியதும் சாமான்களைச் சுருட்டிக்கொண்டு மோட்டார்சைக்கிள் பக்கம் போய் நின்றுகொள்வான். வீட்டுக்காரர்களே சுவிட்சைப் போட்டுக்கொள்வார்கள். விளக்கும் எரிந்துவிடும்.

அந்தப் பழக்கத்தைத்தான் அவன் படகுக்கும் கொண்டுவந்திருந்தான்.

படகு உதுமான் நானாவுடையது. தஞ்சோங் காராங்கில் காலமெல்லாம் சாப்பாட்டுக் கடை நடத்தியவர். கடையை மகன் முகம்மது ஃபாரூக்கிடம் கொடுத்துவிட்டு, ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அந்தச் சின்னப் படகை வாங்கி கோல சிலாங்கூர் ஆற்றில் கட்டிப்போட்டார். முகத்துவாரம் வரை போவார், நங்கூரம் போட்டு உட்கார்ந்திருப்பார், திரும்பி வருவார். அவ்வளவுதான் அவருடைய கடல் பயணம். இதய ஆபரேஷனுக்குப் பிறகு எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சங்கிலியைக் கையால் இழுக்காமல் நங்கூரம் வராது. ஃபாரூக் உடனே படகை வாங்குவதற்கு ஆள் பார்த்துவிட்டான்.

"மிஷின் ஒண்ணு இருக்காமே, அதப் போடுங்க. நான் தூக்குறேன்" என்று குறுக்கே விழுந்தவர் நானாவின் மனைவி ஜெய்புன்னிசா.

"அம்மா தனியா தூக்கிக் காட்டட்டும். நான் வாய மூடிக்கிறேன். இல்லன்னா படக அன்னிக்கே வித்துருவேன்" என்றான் ஃபாரூக். நாளும் குறித்துவிட்டான்: வரும் ஞாயிறு.

புனிதன் வேலைக்கு வந்த முதல் நாளே நானா இதையெல்லாம் சொல்லிவிட்டார், தீர்ப்புக்குக் காத்திருப்பவர் மாதிரி. இப்போது அவன் பொந்திலிருந்து வெளியே வந்ததும் தளத்தில் காத்துக்கொண்டிருந்தார். மிஷினின் பக்கத்தில் காலால் மிதிக்கும் இரண்டு ரப்பர் பொத்தான்கள் இருந்தன. வலது ஏற்ற, இடது இறக்க.

"ஒரு மிதி மிதிச்சுப் பாத்துருங்களேன் தம்பி."

"நாளைக்கு அம்மாவே ஆரம்பிக்கட்டும் நானா."

"அதுவும் சரிதான்!" நானாவுக்கு அந்த மரியாதை பிடித்துப்போயிற்று. புனிதன் சாமான் பெட்டியை மூடினான்.

மறுநாள் நால்வருமாக ஆற்றில் இறங்கினார்கள். நானா சுக்கானைப் பிடித்தார். ஃபாரூக் போன் கையோடு நிழலில் உட்கார்ந்தான். ஜெய்புன்னிசா வழுக்காத காலணியும் மிதவைச் சட்டையும் மாட்டிக்கொண்டு முன்னால் நின்றார். முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் உள்ளே நங்கூரம் போட்டார்கள். போடுவதற்குக் கரண்ட் தேவையில்லை. மிஷினின் பிடியைத் தளர்த்தினால் சங்கிலி தன் எடையிலேயே ஓடும். பிறகு பிடியை இறுக்கினான் புனிதன். கடல் ஏற்றம் முடிந்து நீர் வற்றிக்கொண்டிருந்தது. படகு ஆற்றோட்டத்துக்கு எதிராக மூக்கை வைத்து நின்றது. பின்னால் சேற்றுத்திட்டு முதுகைக் காட்டத் தொடங்கியிருந்தது.

"டீய அப்புறம் குடிக்கலாம். மொதல்ல பரீட்சை" என்றான் ஃபாரூக்.

ஜெய்புன்னிசா பிஸ்மில்லா சொல்லி வலது பொத்தானை மிதித்தார்.

மிஷின் உறுமியது. சங்கிலி கடகடவென்று வெளியே ஓடியது.

"என்னங்க, ஏறல! கீழ போகுதுங்க!"

பதற்றத்தில் இன்னும் அழுத்தி மிதித்தார். சங்கிலி நீள நீளப் படகு சேற்றுத்திட்டை நோக்கிப் பின்னால் வழுக்கியது.

"அம்மா, கால எடுங்க!" என்று புனிதன் கத்தினான்.

அவர் காலை எடுப்பதற்குள் நானா சுக்கானை விட்டு முன்னால் ஓடிவந்து இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துவிட்டார். ஃபாரூக் அவரை இடுப்போடு கட்டி இழுத்தான். "அத்தா, விடுங்க! நெஞ்சத் தச்சு எத்தன மாசம் ஆவுது?" பிறகு புனிதன் பக்கம் திரும்பினான். "நீ டிப்ளமா படிச்சவன்தானே பாஸ்? மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

புனிதனுக்குப் புரிந்துவிட்டது. மல்லாந்து கிடந்து மாட்டிய ஒயர். கீழேயிருந்து பார்த்த வலது, மேலே நிற்பவருக்கு இடது. ஒரே ஒரு மிதி மிதித்திருந்தால் நேற்றே தெரிந்திருக்கும்.

"ஒயர் மாறிப்போச்சு. இடது பொத்தான மிதிங்க அம்மா, ஏறும்."

"நான் தொட மாட்டேன்பா. எனக்குக் கை காலெல்லாம் ஆடுது."

"பாத்தீங்களா" என்றான் ஃபாரூக். நானா கையில் ஒட்டிய துருவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். சேற்றுத்திட்டு கிட்டத்தில் வந்திருந்தது. நீர் வற்றுகிற நேரத்தில் தரை தட்டிவிட்டால் அடுத்த கடல் ஏற்றம் வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

"நேத்து ஏன் பாக்கல?" ஃபாரூக் விடவில்லை.

"எனக்கு வருஷம் திரும்பல" என்றான் புனிதன். "பொண்டாட்டி செத்துப்போச்சு. நல்லதுக்கு மொத கை வைக்கிறதில்ல. அதான் பாக்கல."

ஜெய்புன்னிசா அவன் பக்கம் திரும்பினார்.

"எங்கள்ல புருஷன் செத்தா பொம்பளைக்குத்தான் இத்தா, வெளிய வராம துக்கம் காக்கணும். ஆம்பளைக்கு ஒரு மண்ணும் கிடையாது. நான் போயிருந்தா இந்த மனுஷன் நாப்பதாம் நாளு மாப்பிள்ளை சட்டையில நிப்பாரு."

"ஏ, என்னையா சொல்ற?" என்றார் உதுமான், ஈனக் குரலில்.

"சும்மா இருங்க. தம்பி, நல்லது கெட்டது பாக்குற நேரமா இது? படகு தரை தட்டப் போகுது. நீ மிதி. எதுன்னாலும் அந்தப் பாவம் எனக்கு."

புனிதன் இடது பொத்தானில் காலை வைத்தான். ஒரு கணம் தயங்கினான். தயக்கம் வழக்கத்தால் வந்ததா, களைப்பால் வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை.

"நானா, இன்ஜின முன்னால குடுங்க. மெதுவா. மிஷின் சங்கிலியத்தான் தூக்கும், படக இழுக்காது."

நானா எழுந்து சுக்கானுக்குப் போனார். படகு முன்னால் நகர்ந்தது. புனிதன் மிதித்தான். சங்கிலி சேறும் நீருமாக ஏறத் தொடங்கியது. கொஞ்ச தூரம் ஏறியதும் ஜெய்புன்னிசா அவன் தோளைத் தட்டினார்.

"தள்ளு. பரீட்சை எனக்கு."

"கை கால் ஆடுதுன்னீங்க?"

"ஆடிட்டு இருக்கட்டும். நீ தள்ளு."

அவர் மிதித்தார், விட்டார், மிதித்தார். இன்ஜினைக் கூட்டச் சொல்லி நானாவை அதட்டினார். சங்கிலி செங்குத்தாக இறுகியது. மிஷின் முனகியதும் காலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். படகின் அசைவிலேயே நங்கூரம் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டது. பிறகு ஒரே மிதி. கறுத்த சேற்றுக் கட்டியோடு அது மேலே வந்து மூக்கில் தொங்கியது.

"எவன்டா படக விக்கிறவன்?" என்று திரும்பினார்.

ஃபாரூக் தலையைச் சொறிந்தான். "மிஷின் தலகீழா ஓடுது, இவங்களுக்குப் பாஸ் மார்க் வேற."

படித்துறைக்குத் திரும்பியதும் புனிதன் மறுபடி பொந்துக்குள் புகுந்தான். மல்லாந்து கிடந்து இரண்டு ஒயர்களையும் கழற்றி மாற்றினான். சங்கிலியிலிருந்து சேற்றுத் தண்ணீர் கழுத்தில் சொட்டியது. மேலே ஃபாரூக் யாரிடமோ போனில் மலாயில் பேசிக்கொண்டிருந்தான். "தாக் ஜாடி லா, பங்." விற்பனை இல்லை என்றான், அம்மா கொடுக்கமாட்டேன் என்கிறார்கள் என்று சிரித்தான். நானா டீ ஊற்றச் சொல்லிக் கத்தினார். ஊற்றிக் குடிக்கத் தெரியாதா என்று பதில் வந்தது.

புனிதன் கடைசித் திருகை முடுக்கினான். எழுந்து போய் மிதித்துப் பார்க்க வேண்டும். கை கனத்தது. துளசிக்கு நீச்சல் தெரியாது. இந்தப் படகில் ஏறியிருக்கவே மாட்டாள். அந்த நினைப்பு வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது. வழக்கம்போல் அதைத் தள்ளிவிட அவனுக்குத் தெம்பில்லை. சேற்று வாடையில் அப்படியே படுத்துக் கிடந்தான்.