சுவிச்சில்லாத விளக்கு

“சுவிச்சில்லாத விளக்கை நீ கண்டிருக்கிறியோ?” என்று முந்தின நாள் பின்னேரம் ஆனந்தராசா மனைவியைக் கேட்டார். குணமணி இல்லையென்று தலையாட்டினாள். பொழுதுபட்டதும் முன்னறைப் பல்ப் தானாகப் பற்றியது. சுவரிலிருந்த பற்றரிப் பெட்டியைத் தட்டி, சீனாக்காரனின் மூளையைப் பார் என்று சிறுபிள்ளை போலச் சிரித்தார். விடிய அது தானாகவே அணைந்தது. தேத்தண்ணி கேட்ட மனுசனும் அது வருமுன்னே கதிரையில் சாய்ந்துபோனார்.

அந்தப் பல்புக்குக் கீழேதான் இப்போது அவரைக் கிடத்தியிருந்தார்கள், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி. ஊரடங்குக்கு முன் சவத்தை எடுத்துவிட வேண்டும்.

பட்டினத்து ஓர்ஸ் ஹில்லில், வெயிலில் கறண்ட் எடுக்கும் சோலர்ப் பனல் கடை வைத்திருந்தவர். யப்பான் பனல்தான் விற்பார். உலகத்துப் பனலையெல்லாம் ஜேர்மனிக்காரர் வாங்கிக் குவித்ததில் கொழும்புக்கே வரத்து நின்றுபோனது. பிறகுதான் சீனப் பனல் வந்தது. எதையும் தன் வீட்டுக் கூரையில் ஓரிரவு போட்டுப் பார்க்காமல் கொடுக்கமாட்டார். இந்தப் பனல் கிளிவெட்டிக் கிராமத்து யோகலிங்கத்துக்கு. சண்டையோடு அங்கே கறண்ட் போய்விட்டது. அவன் மனைவிக்கோ மாதம் நிறைந்திருந்தது.

பனலெடுக்க வந்தவன் பறைச்சத்தம் கேட்டு வேலிப் படலையிலேயே நின்றுவிட்டான். குணமணி எழுந்து போனாள்.

“கழட்டிக்கொண்டு போங்கோ தம்பி. ஆமி பாதையைப் பூட்டினா பிறகு எப்பத் திறப்பாங்களோ.”

செத்தவரின் தமக்கை அன்னப்பிள்ளை விடவில்லை. “சவம் படி இறங்க முந்தி வீட்டுச் சாமான் போறதோ? உனக்கென்ன விசரே?”

“பிள்ளை இருட்டுக்கை பிறக்கவோ மச்சாள்?”

யோகலிங்கம் தயங்கித் தயங்கி ஏணியில் ஏறினான். ஓடுகள் நெரிந்தன. ஒப்பாரி தணிய, பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். காலடி நகர்ந்து நகர்ந்து அவருடைய நெஞ்சுக்கு நேர்மேலே வந்து நின்றது.

பல்ப் பற்றியது.

முற்றத்தில் வெயில் வெள்ளையாகக் கிடந்தது. பறையும் ஓய்ந்துவிட்டது. வெளிச்சத்தில் அவருடைய இமைநிழல் கன்னத்தில் விழுந்திருந்தது, இப்போதுதான் கண்ணை மூடினவர் போல.

குணமணிக்குக் காரணம் தெரியும். பனலில் வெயில் பட்டால் பெட்டிக்குப் பகல். பனல் கம்பியைக் கழற்றினால் அதற்கு இரவு, பல்பைப் பற்றவைக்கும். அவர்தான் சொல்லித் தந்தார். தெரிந்தும் கைமயிர் சிலிர்த்தது.

“பெட்டி... இரவெண்டு நினைச்சிட்டுது” என்றாள் மெதுவாக.

“ஓம்,” என்றாள் அன்னப்பிள்ளை, தம்பியின் முகத்திலிருந்து கண்ணெடுக்காமல். “அவனுக்கு இரவுதானே.”

பனலைத் தோளில் சுமந்து இறங்கிய யோகலிங்கம் வாசலில் நின்று உள்ளே பார்த்தான். பெட்டியையும் கழற்றினால் அந்த வெளிச்சம் அணைந்துவிடும்; பார்த்துக்கொண்டே நின்றான். கொண்டுபோகச் சொல்லிக் குணமணி கையைக் காட்டினாள். அவன் பனலை இறக்கி, கண்ணாடிப் பக்கம் சுவரைப் பார்க்கச் சாத்தினான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டிப் போனான்.