‘டேக்’குக்கு நாற்பத்து மூன்றாவது பொருள்

‘டேக்’ என்ற ஒரு சின்ன ஆங்கிலச் சொல் மூன்று வாரமாக அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. எடு, பிடி, கொண்டு போ, பொறுத்துக்கொள், மாத்திரை சாப்பிடு, பஸ்ஸில் போ, படம் பிடி, நேரம் ஆகும் என்று எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ்காரர்களுக்கு இந்த ஒரே சொல்தான். சோம்பேறிகள் என்று அட்டைகளைப் பார்த்துத் திட்டினாள். நாற்பத்திரண்டு பொருள், நாற்பத்திரண்டு அட்டை.

ஆங்கிலம்-தமிழ் அகராதி தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் அவளைச் சின்னவள் என்பார்கள். மாடியில் உட்கார்ந்து அச்சுப்பிழை திருத்தும் அவளுடைய அக்கா பெரியவள். எட்டு மாதத்துக்கு முன்னால், சின்னவள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அம்மாவைத் துணிமணியோடு தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள் பெரியவள். “நீ சரியாப் பார்த்துக்கல” என்று ஒரே வார்த்தை. அன்றோடு பேச்சு நின்றது. ஆபீசில் யார் கேட்டாலும் சின்னவள் ‘மாடியில இருக்கிறவங்க’ என்றுதான் சொல்வாள். அக்கா என்று மறந்தும் வராது. அம்மா இல்லாத வீட்டில் சாயங்காலம் பூட்டைத் திறக்கும்போதெல்லாம் அழுகை முட்டும். அம்மாவைத் திரும்பக் கூட்டி வர வேண்டும். போய்க் கேட்கத்தான் வாய் வரவில்லை.

அகராதி ஆசிரியருக்கு ஒரு பிடிவாதம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும். அது யாரோ ஒருவர் நிஜமாகவே வாயால் சொன்னதாக இருக்க வேண்டும். சொன்னது யார் என்று அட்டையின் பின்னால் குறிக்க வேண்டும். இருபது அட்டை தாண்டியதும் அவளிடம் சரக்கு தீர்ந்துபோனது. கடைசியில் மனசில் ஓடியதையே முணுமுணுத்து, முணுமுணுத்ததையே எழுதி, பின்னால் ‘நானே’ என்று போட்டாள்.

‘அவள் அம்மாவை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள்.’ ‘ஒரு ஃபோன் பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?’ ‘அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.’ இப்படி மிச்ச அட்டைகளுக்கெல்லாம் வாக்கியம் மளமளவென்று வந்தது.

அட்டைகள் அச்சுக் கோத்த பக்கங்களாகத் திருத்தத்துக்குப் போயின. வழக்கமாக அவற்றைத் திருத்துகிறவர் வேறு ஒருவர். அவருக்குக் காய்ச்சல் என்பதும், புரூஃப் பெரியவளிடம் போய்விட்டது என்பதும் கட்டு திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. ஓரமெல்லாம் சிவப்பு மை.

திருத்துகிறவர் எழுத்துப் பிழையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பெரியவள் நிறுத்தவில்லை. ‘எடுத்துக்கொள்ள அம்மா என்ன குடையா?’ ‘நீ எத்தனை தடவை ஃபோன் பண்ணினாய்?’ ‘தகவல் பிழை. நான் கொடுத்தால் சாப்பிடுகிறாள். சில நாள் மட்டும் நீதான் கொடுக்க வேண்டும் என்று அடம்.’

சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புரூஃப் கட்டை அப்படியே வீசலாம் என்று தூக்கியபோது கடைசித் தாளின் அடியில் இன்னும் இரண்டு வரி கண்ணில் பட்டது.

‘ஒரு பொருள் விட்டுப்போயிருக்கிறது: ‘டேக் டர்ன்ஸ்’ - முறை வைத்துச் செய்தல். எ-டு: நாங்கள் இருவரும் அம்மாவை மாதம் மாற்றி மாதம் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்.’

ஆசிரியர் எட்டிப் பார்த்தார். “நல்ல வாக்கியமா இருக்கே. யாரு சொன்னது?”

“எழுதியிருக்காங்க சார்.”

“எழுதினது செல்லாதும்மா, வாயால சொல்லணும். இந்தப் பக்கம் நாலு மணிக்கு அச்சுக்குப் போகுது. இல்லன்னா அடிச்சுடு.”

பேனாவை எடுத்தாள். அடிக்கக் கை வரவில்லை. அந்த மனுஷனையும் அவர் விதியையும் சபித்துக்கொண்டே மாடிப்படி ஏறினாள்.

பெரியவள் தலை நிமிரவில்லை. “என்ன?”

“இதை வாயால சொல்லணுமாம்.”

“எழுதித்தானே குடுத்திருக்கேன்.”

“செல்லாதாம்.”

“எல்லாத்துக்கும் ஒரு விதி இந்த ஆபீஸ்ல!” பெரியவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். “மாசம் மாத்தி மாசம் பார்த்துக்கலாம்டி. என்னால தனியா முடியல. சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போ. மாத்திரை டப்பாவை மறந்துடாத.”

“நான் என்னிக்கு மறந்தேன்?” என்று சண்டைக்குப் போனாள் சின்னவள். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.

கீழே ஆசிரியர் புது அட்டையோடு காத்திருந்தார். “சொன்னாங்களா?”

“சொன்னாங்க சார்.”

அட்டையைத் திருப்பிப் பேனாவைத் திறந்தார். “யாருன்னு போட?”

“எங்க அக்கா” என்றாள்.